கோட்டான் அடிச்சிட்டான்

டிசம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். ஆனால் நான் நலம் விசாரித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், இல்லையென்றால் கோபம் வரும். எது வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். நீங்கள் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும் நான் கத்திவிடுவேன். டிரைவிங் ஸ்கூல் நடத்தி நடத்தி என் தொண்டைக்குப் பிரேக் இல்லாமல் போய்விட்டது. காகிதத்தில் அவ்வளவாகக் கத்த முடியாது பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் குளத்துப் பாதையில் என் பின்மண்டையில் விழுந்தது உங்கள் கை இல்லை. ஆந்தை.

போன வாரம் நம்மோடு நடக்கிற பேங்க் மேனேஜரம்மாவின் கம்பளித் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதற்கு மறுநாள் தையல்காரர் தலையில் இறங்கியது. இருட்டில் கம்பளித் தொப்பி அசைந்து போவதைப் பார்த்து முயல் என்று நினைத்துக்கொள்கிறதாம், பூங்கா வாட்ச்மேன் சொன்னார். இப்போது 'ஆந்தை ஜாக்கிரதை' என்று போர்டே மாட்டிவிட்டார்கள். இந்தக் குளிரில், மழையே இல்லாமல், எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறோம். தையல்காரர் ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறார். நான் ஹெல்மெட். மூச்சு விட்டால் முன்கண்ணாடியில் ஆவி படிந்து மறைத்துவிடுகிறது. நேற்று நேராகப் போய் பெஞ்சில் முட்டிக்கொண்டேன்.

அந்தப் பறவையையும் பார்த்தேன். விளக்குக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. தட்டு மாதிரி முகம். உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு இறங்கிப் பறந்தது, மாப்பிள்ளை, இறக்கை அசைகிற சத்தமே இல்லை. முதுகுக்குப் பின்னால் அது வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் முன்னால் நடந்தேன், நீங்கள் பின்னால் வந்தீர்கள். ஹார்ட் ஆபரேஷன் ஆன அப்பா தனியாக நடக்கக் கூடாது என்று பாப்பா உங்களைத் துணைக்கு அனுப்பியிருந்தாள். அடி விழுந்தது, தொப்பி போனது, ரத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் நீங்கள்தான் நிற்கிறீர்கள். 'பறவை மாமா, ஏதோ பறவை' என்றீர்கள். நான் கேட்கவில்லை. "கோட்டான் அடிச்சிட்டான்! கோட்டான் என்னை அடிச்சிட்டான்!" என்று ஊரைக் கூட்டினேன். அது உங்களுக்கு நான் வைத்த பட்டப்பேர் என்று அங்கே நடக்கிற எல்லோருக்கும் தெரியும். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி லேபில் முழித்திருந்து பகலெல்லாம் தூங்குகிற, வட்டக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளை. நானே பெருமையாகப் பரப்பி வைத்த பேர்.

யோசித்துப் பார்த்தால், கோட்டானும் ஆந்தைதானே, அன்று நான் கத்தியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அர்த்தம்தான் தப்பாகப் போய்விட்டது.

ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது. மனதில் வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வாருங்கள். பாப்பாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். மாடியறை நீங்கள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.

இப்படிக்கு,
மாமா


டிசம்பர் 17

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. ஹெல்மெட்டோடு பெஞ்சில் முட்டிக்கொண்ட இடத்தில் சிரித்துவிட்டேன், அதற்கு முதலில் மன்னியுங்கள். தலைக் காயம் ஆறிவிட்டதா? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

நான் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு அறையில் இருக்கிறேன். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறேன். ராத்திரி டீ நேரத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வேகமாக நடக்கிறேன். உங்களுக்குத் துணையாகத் தொடங்கியது, இப்போது நடக்காவிட்டால் உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது. குளிரில் காது மரத்துப் போகிறது. ஜெனரேட்டர் ஷெட் மேல் இங்கேயும் ஒரு ஆந்தை வந்து உட்காரும். எலிக்காக வருகிறது. நானும் அதுவும் ஒரே ஷிப்ட். இதுவரை என் தலைமேல் அதற்கு ஒரு கோபமும் இல்லை.

தெரியாமல் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முழுப் பழியும் உங்களுடையது இல்லை, மாமா. ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அது இறங்கியதை நான் பார்த்தேன். தொப்பி மேலே போனதையும் பார்த்தேன். நீங்கள் தடுமாறினீர்கள். ஓடி வந்து பிடித்திருக்க வேண்டும். நான் நின்ற இடத்திலேயே நின்று சிரித்தேன்.

அன்று மதியம் சாப்பிடும்போது, ஆஸ்பத்திரி பக்கமாகத் தனியாக வீடு பார்க்கிறோம் என்று சொன்னேன். "கோட்டானுக்கு இந்தப் பொந்து போதலையாக்கும்?" என்று கேட்டீர்கள். உங்கள் மகளும் சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது. சாயங்காலம் வரை அது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. உங்கள் தலையில் அடி விழுந்தபோது, நல்லா வேணும் என்று தோன்றிவிட்டது. நீங்கள் திரும்பிப் பார்த்தபோது என் முகத்தில் இருந்தது அந்தச் சிரிப்புதான். இதயத்தில் கத்தி வைத்த ஒரு மனிதருக்கு ரத்தம் வழிகிறது, நான் இளித்துக்கொண்டு நிற்கிறேன். நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் அவள் "நீங்க அடிச்சீங்களா?" என்று கேட்டபோது, இல்லை என்று சட்டென்று வாயில் வரவில்லை. நான் பேசாமல் நின்றதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். நான் கோபித்துக்கொண்டு போனேன் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இருந்திருந்தால் இருந்து சண்டை போட்டிருப்பேன். வெட்கத்தில்தான் பெட்டியைத் தூக்கினேன்.

ஆந்தைதான் என்று இந்நேரம் அவளிடம் சொல்லியிருப்பீர்கள். சொன்ன பிறகும் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வாரம் ஒருமுறை கேஸ் வந்ததா, கரண்ட் பில் கட்டியதா என்று மட்டும் மெசேஜ் வருகிறது. அப்படியென்றால் அவளுக்கே நான் வேண்டாம் போலிருக்கிறது. அதை நீங்கள் வற்புறுத்தி மாற்ற வேண்டாம்.

உங்கள்
மாப்பிள்ளை


டிசம்பர் 23

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு இரண்டு நாள் பாப்பா முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையை வாங்கிக்கொள்ளக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உங்களுக்கு எழுதியதிலும் பாதிதான் உண்மை. மேனேஜரம்மா தொப்பி போனபிறகுதான் ஆந்தை என்று தெரிந்ததுபோல எழுதியிருந்தேன். எனக்கு அன்றைக்கே தெரியும். தெருமுக்குக் கிளினிக்கில் கட்டுப் போட்ட பெண் காயத்தைத் துடைத்துவிட்டு, "ஐயா, இது யாரும் அடிச்ச மாதிரி இல்லையே, நகம் கீறின மாதிரி கோடு கோடா இருக்கு, ஏதாவது பாஞ்சுதா?" என்று கேட்டாள். "சும்மா கட்டைப் போடும்மா" என்று அதட்டினேன். ஊரையே கூட்டிவிட்டு இப்போது பறவை என்றால் என் மானம் என்ன ஆவது என்று அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பாப்பாவும் அதே கோடுகளைப் பார்த்தாள். "கையில லேப் சாவிக்கொத்து வச்சிருந்தான், அதாலதான்" என்றேன். நானாகக் கட்டியது. நீங்கள் அடிக்கவில்லை என்று தெரிந்தே சொன்னது. அதற்குப் பிறகுதான் அவள் மாடிக்கு வந்து உங்களைக் கேட்டாள்.

மானம் போகும் என்பதுகூட முதல் நாள் காரணம்தான். நீங்கள் போன மறுநாள் காலையில் அவள் கீழே வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். இனிமேல் தனி வீட்டுப் பேச்சு வராது என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, மாப்பிள்ளை. மகள் வாழ்க்கை மாடியில் இருண்டு கிடக்கிறது, அப்பன் கீழே நிம்மதியாகக் காபி குடிக்கிறான். அவள் அம்மா போனபிறகு இந்த வீட்டில் தனியாக இருந்துவிடுவேனோ என்கிற பயம். பயத்தைச் சொல்லிக் காட்டினால் நான் நல்லவனாகிவிட மாட்டேன். காரணம் அது என்பதற்காகச் சொல்கிறேன்.

மேனேஜரம்மா தொப்பி போயிருக்காவிட்டால், போர்டு மாட்டியிருக்காவிட்டால், நான் உங்களுக்கு அந்த முதல் கடிதத்தைக்கூட எழுதியிருக்க மாட்டேன். எப்படியும் வெளியே வந்துவிடும் என்று தெரிந்ததால் முந்திக்கொண்டேன்.

நேற்று ஹெல்மெட் போடாமல் நடந்தேன். அடிக்கிறதென்றால் அடிக்கட்டும் என்று அந்தக் கம்பத்தடியில் போய் நின்றேன். பனியில் கால் விறைத்ததுதான் மிச்சம். அது ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. சட்டையே செய்யவில்லை.

ஒரு கணம் சிரித்ததற்கு நீங்கள் அவ்வளவு கூசியிருக்கிறீர்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மாமா


ஜனவரி 2

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரே ரத்த மாதிரியைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். சீனியர் கூப்பிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வரச் சொன்னார். ரொம்ப நேரம் நடந்தேன். உங்கள்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அப்புறம் நமக்குள் எழுதவோ பேசவோ ஒன்றும் மிச்சமிருக்காது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். "அடிச்சீங்களா" என்று கேட்டது அவள். பதிலை எனக்கு எழுதி என்ன பயன்? சாவிக்கொத்தையும் சேர்த்து அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்வதுபோல ஆகும். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சிரித்ததை நான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வீட்டுக்கு நான் திரும்பி வரமாட்டேன். அவள் வருவதாக இருந்தால் இங்கே வரட்டும். அறை சின்னதுதான்.

குளிர் அதிகமாகிறது. சாயங்காலம் நடக்கும்போது மார்பை மூடிக்கொள்ளுங்கள். கோபத்திலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாப்பிள்ளை


ஜனவரி 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சொல்லிவிட்டேன்.

வீட்டில் வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. நேற்று டிரைவிங் கிளாஸ் முடிந்து, நானும் பாப்பாவும் ஸ்கூல் காரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். அவள் பக்கத்தில், சொல்லிக்கொடுக்கிறவர் சீட்டில். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதை, நானே பொருத்திய பிரேக்கை, மறந்துவிட்டேன். "மாப்பிள்ளை உன் அப்பனை அடிக்கலைம்மா, ஆந்தைதான்" என்றதும் மிதித்துவிட்டாள். நடுரோட்டில் வண்டி நின்றது. பின்னால் ஒரே ஹாரன்.

"எப்பப்பா தெரியும்?"

"அன்னைக்கே."

"அப்ப சாவிக்கொத்து?"

"நானாச் சொன்னது."

கத்துவாள் என்று நினைத்தேன். என் மகள்தானே, தொண்டை அப்படியே வந்திருக்கிறது. ஆனால் மெதுவாகத்தான் பேசினாள். "நான் அவரைப் போய்க் கேட்டேனேப்பா, அடிச்சீங்களான்னு. அந்த மனுஷனைப் போய் நான் கேட்டேனே." கதவைத் திறந்து இறங்கி, ஸ்வெட்டர்கூட இல்லாமல், அந்தக் குளிரில் வீடுவரை நடந்தே போனாள். நான் வண்டியை ஓரமாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ராத்திரி பெட்டி கட்டினாள். உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன், அதற்கும் வேண்டாம். போனில்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் வருகிறாளே என்று நினைக்காதீர்கள். பேச வாய் வரவில்லை, நேரில் போய் நிற்கிறேன் என்றாள். அவமானப்பட வேண்டியவன் நான் ஒருவன். உங்கள் இருவரையும் பட வைத்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் குளத்துப் பாதையில் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். மேனேஜரம்மா குடையை மடக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. தையல்காரர், "அந்தப் புள்ள எனக்கு வணக்கம் வச்சப்ப நான் மூஞ்சியத் திருப்பிட்டுப் போனேனேய்யா" என்று என்மேல் எரிந்து விழுந்தார். விழட்டும். நாளையிலிருந்து அவர்கள் என்னோடு நடப்பார்களா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கவரை ஒட்டாமல் அவளிடமே கொடுக்கப் போகிறேன், படித்துவிட்டுக் கொண்டு வரட்டும். நாளைக் காலைப் பஸ்ஸில் கிளம்புகிறாள். இதை நீங்கள் படிக்கும்போது உங்கள் எதிரில்தான் நிற்பாள், உட்காரச் சொல்லுங்கள்.

மாமா

பி.கு. படித்துவிட்டாள். கடைசியில், என் பேருக்கு மேலே, 'என்னை மன்னித்துவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்து, "இத எடுத்துடுங்க, இதெல்லாம் எழுதி அனுப்புறதில்ல. நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். மை வைத்து அடித்திருக்கிறேன், அதுதான் அங்கே கறுப்பாக இருப்பது. நான் எப்போது வரலாம் என்று எழுதுங்கள்.