இரண்டு ஓட்டும் கழிந்துவிடும்

பைன் கிரீக், விஸ்கான்சின்
அக்டோபர் 6

அன்புள்ள மார்லீனுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நானும் நாயும்தான். இரண்டு பேருக்கும் காது மந்தமாகிவிட்டது.

நவம்பர் தேர்தலில், மாலைக் கல்லூரியை நடத்த வீட்டு வரியைக் கூட்டலாமா என்று ஊரைக் கேட்கிறார்கள். கூடாது என்று நான் வீடுவீடாகச் சொல்லி வருகிறேன். வாஷிங்டனில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் நம் காகித ஆலை திரும்பி வரவில்லை, முட்டை விலையும் இறங்கவில்லை. இதில் கிழவன் கிழவிகள் பொருளாதாரம் படிக்க நான் வரி கட்ட வேண்டுமாம்.

நீ அங்கே படிப்பவள், ஆம் என்றுதான் போடுவாய். நான் இல்லை என்று போடுவேன். இரண்டு ஓட்டும் கழிந்துவிடும். கல்யாணமான நாள் முதல் செய்ததுபோல இருவரும் வீட்டிலேயே இருப்போமா? தேர்தல் நாளில் நீ வைக்கும் சீஸ் சூப்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. விவாகரத்து ஆனால் என்ன, வழக்கம் வழக்கம்தானே.

அன்புடன்,
டுவெய்ன்

அக்டோபர் 13

டுவெய்னுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

முப்பது வருஷம் சாப்பாட்டு மேசையில் நீ பொருளாதாரம் பேசினாய், நான் கேட்டுக்கொண்டே தட்டு கழுவினேன். நான் முதல்முறை கல்லூரியில் சேர்ந்தபோது, என்னைக் கேட்காமலே போன் செய்து, “அவ வரமாட்டா, பேரை அடிச்சிடுங்க” என்றாய். பிரிந்த பிறகு திரும்பச் சேர்ந்தேன். “அறுபத்தோரு வயசுல பட்டம் வாங்கி என்ன கிழிக்கப் போற?” என்று மளிகைக் கடையில் எல்லார் முன்னாலும் கேட்டாய். இந்த வரி தோற்றால் ஜனவரியில் வகுப்புகளை மூடிவிடுவார்கள். படிப்பு முடிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

ஆனாலும் நீ சொல்வது கணக்குக்குச் சரி. நான் போகவில்லை, நீயும் போகாதே. வெளியே குளிராகவும் இருக்கும்.

மார்லீன்

நவம்பர் 17

மார்லீன்,

மறு எண்ணிக்கையும் முடிந்தது. ஒரே ஒரு ஓட்டில் வரி ஜெயித்துவிட்டது. சமமாக வந்திருந்தால்கூட அந்த வரி தோற்றிருக்கும்.

காபிக் கடையில் நுழைய முடியவில்லை. “என்ன டுவெய்ன், ஊரையெல்லாம் கெளப்பி விட்டுட்டு நீ தூங்கிட்டியா? ஒன் பழைய சம்சாரம் காலங்காத்தால வரிசையில நின்னுச்சே” என்கிறான் எர்ல். நான் வீட்டில் சூப் வைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் அடிப்பிடித்துவிட்டது. உன் வார்த்தையை நம்பினேன். இப்படியா முதுகில் குத்துவாய்?

டுவெய்ன்

நவம்பர் 22

டுவெய்ன்,

ஊர்த் தேர்தலை நடத்தும் எழுத்தர் பெவர்லி என் வகுப்பில் பக்கத்து இருக்கை. செப்டம்பரில் ஒருநாள், பேச்சோடு பேச்சாக, “ஒன் பழைய வீட்டுக்காரர் கெட்டிக்காரர்டி. வருஷா வருஷம் தபால் ஓட்டுன்னா அவரோடதுதான் மொதல்ல வந்து நிக்கும்” என்றாள். யாருக்குப் போட்டாய் என்பதுதான் ரகசியம். போட்டாயா என்பதை இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் அடுப்படியில் உனக்குச் சூப் கிண்டிய ஒவ்வொரு தேர்தலிலும், உன் ஓட்டு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. என் ஓட்டை முப்பது வருஷம் தின்றிருக்கிறாய். அன்றே முடிவு செய்தேன், பழிக்குப் பழி என்று. உன் கடிதம் வந்ததும் சிரித்துக்கொண்டேதான் பதில் எழுதினேன்.

இந்த முறையும் தபாலில் போட்டிருப்பாய் என்றுதான் நினைத்தேன். நேற்று பெவர்லியைக் கேட்டேன். “இல்லடி, இந்தத் தடவ அவர் போடவே இல்ல” என்றாள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாய். எங்கள் வகுப்பு பிழைத்தது அதனால்தான். இதற்காக என் மனம் இளகுகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். இளகவில்லை.

டிசம்பரில் வரிச் சீட்டு வரும், தவணை தவறாமல் கட்டு. என்னைப் படிக்க விடாதவன் நீ. இனி நீதான் என்னைப் படிக்க வைக்கப் போகிறாய்.

மார்லீன் குபியாக்