வியாழக்கிழமைச் சத்தம்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

உன் அப்பா கடிதம் எழுதினால் இங்கு அனைவரும் நலம் என்றுதான் தொடங்குவார், எனக்கு அந்த வரி எழுத வரவில்லை, அனைவரும் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முறைத்துக்கொள்கிறது. உன் இருமல் நின்றதா? போனில் இருமலை அடக்கிக்கொண்டு பேசுகிறாய், ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் காலமெல்லாம் சளியையும் ரத்தத்தையும் பார்த்தவளிடம் அந்த வித்தையெல்லாம் செல்லாது, போய் ஒரு எக்ஸ்ரே எடு. உன் அக்கா தினமும் காலையில் போன் செய்து மாத்திரை போட்டாயா என்கிறாள், போட்டேன் என்றால் எந்த மாத்திரை என்று குறுக்கு விசாரணை செய்கிறாள், போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவள். அவள் மகள் ஸ்கூட்டர் பழகுகிறேன் என்று எதிர்வீட்டுக் கேட்டில் மோதிவிட்டாளாம், இவளுக்கு ஒரு கீறலும் இல்லை, கேட்டுக்குத்தான் அடி. கீழ்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், புதிதாக யாரும் இன்னும் வரவில்லை. இப்போது இந்தக் கட்டடத்தில் ஒரு கதவு சாத்தப்படுகிறது என்றால் அது நான் சாத்தியதாகத்தான் இருக்கும்.

போன மாதம் நீ சொன்ன ஒரு விஷயத்துக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், போனில் சொல்ல வாய் வரவில்லை. மதம் எல்லாம் விட்டாச்சும்மா, எனக்கு ஆன்மிகம் மட்டும் போதும், மதம்னா கூட்டம், சடங்கு, சத்தம், ஆன்மிகம்னா உள்ளுக்குள்ள போறது, அதுக்கு யாரும் வேண்டாம் என்றாய். நீயும் செஞ்சு பாரும்மா, மனசுக்கு நல்லா இருக்கும் என்று ஒரு தியான ஒலிப்பதிவும் அனுப்பி வைத்தாய். எனக்குச் சாமியிலும் நம்பிக்கை கிடையாது, ஆன்மாவிலும் கிடையாது, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்க்க முடியாததை நம்பிப் பழக்கமில்லை. ஆனாலும் பிள்ளை ஆசையாக அனுப்பினானே என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசுகிறாள், உங்களைச் சுற்றி இருக்கும் அமைதியைக் கவனியுங்கள் என்கிறாள். ஏனடா, இந்த வீட்டில் அதைத் தவிர வேறென்ன இருக்கிறது கவனிக்க? கோபம் வந்து அணைத்துவிட்டேன், அந்தப் பெண்மேல் ஒன்றும் இல்லை பாவம்.

வியாழக்கிழமைக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் நம் முன்னறையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு சாமி பாட்டு என்ற பெயரில் அடித்த கூத்து. மருந்துக்கடைக்காரர் தாளம் தட்டுவார், அந்தத் தாளம் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு நான்தான் சைரன் என்று பேர் வைத்தேன், அவர் மேலே ஏறிவிட்டால் இறங்க மாட்டார். டெய்லர் ஒருவருக்குத்தான் குரல் இருந்தது, அவரைப் பாடவே விட மாட்டார்கள். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். சாத்துகிற சத்தம் அவர்களுக்குக் கேட்கும்படியாகத்தான் சாத்துவேன். உங்க சாமிக்குக் காது மந்தமா என்று அப்பாவிடம் கேட்பேன், அவர் சிரிப்பார், மந்தமா இருந்தா நல்லதுதானே, நாங்க பாடுறது அப்படி என்பார். அவர் மனதார நம்பினாரா என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது, கேட்டதும் இல்லை. வியாழக்கிழமை என்றால் மழையோ காய்ச்சலோ அத்தனை பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நம் மாடிப்படி ஏறி வந்துவிடுவார்கள், அது மட்டும் தெரியும்.

அப்பா போன பிறகு காரியமெல்லாம் முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை வருஷம் எங்களப் பொறுத்துக்கிட்டீங்கம்மா, உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லன்னு தெரியும், அவருக்காகச் சகிச்சுக்கிட்டீங்க, இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம், எங்க வீட்டுல வச்சுக்கிறோம் என்றார். எவ்வளவு மரியாதையாக நினைத்துப் பார்த்திருக்கிறார் பார். எனக்கு அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற நிலை, சரி என்று சொல்லிவிட்டேன். நீயும் அக்காவும் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு வந்த முதல் வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் எதற்காகச் சாத்தினோம் என்று தோன்றியது.

அவர்கள் வேறு ஆர்மோனியம் வாங்கவில்லை. இங்கிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள அவர்களுக்குச் சங்கடம், நானாகக் கொடுத்தனுப்ப எனக்கு மனமில்லை, என்றைக்காவது எடுக்க வருவார்கள் அல்லவா என்று அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் மூன்று பேரும் ஒருவழியாக அதை எடுக்க வந்தார்கள். உட்காரச் சொன்னால் நிற்கிறார்கள், டீ சொன்னால் வேண்டாம் என்கிறார்கள், இத்தனை வருடம் குடித்த வாய்கள். நானாகத்தான், இவ்வளவு நாள் சும்மா கிடந்ததே, வேலை செய்யுதான்னு பாத்து எடுத்துட்டுப் போங்க என்றேன். டெய்லர் தரையில் உட்கார்ந்து கட்டைகளை அழுத்தினார். இரண்டு நிமிடம் இருக்காது, சைரன் தன்னை மறந்து கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். அறை முழுக்க அந்தப் பழைய அபசுரம் அப்படியே நிறைந்தது கண்ணா. உடனே மருந்துக்கடைக்காரர் அவர் தோளைத் தொட்டு, சும்மா இருப்பா, அம்மாவுக்குப் பிடிக்காது என்றார். அவர் பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். எனக்குப் பிடிக்கும், நிறுத்தாதீங்க என்று சொல்ல வேண்டியதுதானே, நாக்கு என்ன ஒட்டிக்கொண்டதா? பாத்து இறக்குங்க, படி செங்குத்தா இருக்கு என்றேன். பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். தெருமுனை திரும்புகிறவரை பால்கனியில் நின்றுவிட்டு உள்ளே வந்து அழுதேன், அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை.

தனியாக இருக்கிறேன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நீ சொன்ன வித்தியாசத்தை இத்தனை நாளாக மனதில் போட்டு உருட்டிப் பார்த்துவிட்டேன். நீ சொல்கிற ஆன்மிகம் நல்லதாகவே இருக்கட்டும், உன் மனம் அதில் அடங்குகிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ ஒரு நாள் கண்ணை மூடி உட்காராமல் விட்டால் அது யாருக்காவது தெரியுமா? சைரன் ஒரு வியாழக்கிழமை வராவிட்டால் மறுநாள் விடிவதற்குள் உன் அப்பா அவர் வீட்டு வாசலில் நிற்பார். மதத்தில் சண்டை இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, பொய் இருக்கிறது, அதையெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, உன்னைவிட அதிகமாகத் திட்டியவள் நான். ஆனால் அதில் இருந்த மனிதர்கள்தான் என் முன்னறைக்கு வந்தார்கள். சாமி வந்தாரா என்று எனக்குத் தெரியாது. யாரும் வேண்டாம் என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த அமைதி எனக்கு என்னவோ பிடிக்கவில்லை, நம் வீட்டில் இப்போது இருப்பதும் அந்த மாதிரி அமைதிதான். சாமி பாட்டே வேண்டாம், பந்து விளையாடுகிற இடமோ செடி வளர்க்கிற கூட்டமோ ஏதாவது ஒன்றில் போய்ச் சேர்ந்துகொள். நேத்து ஏன் வரல என்று உன்னிடம் உரிமையோடு கேட்க அங்கே ஒரு ஆள் இருக்கட்டும்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் இங்கே முடங்கிக் கிடந்தால் நன்றாக இருக்காது. இன்றைக்கு மருந்துக்கடைக்குப் போகப்போகிறேன். எனக்கு இப்பவும் நம்பிக்கை இல்ல, ஆனா பாட்ட எங்க வீட்டுலயே வச்சுக்கோங்க என்று கேட்கப்போகிறேன். இந்த வயதில் இவளுக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் பரிதாபப்படுவார்கள், இரண்டும் எனக்கு ஆகாது என்று உனக்கே தெரியும். ஒருவேளை அவர் வீடே வசதியாக இருக்கிறதென்று சொல்லிவிடலாம், அதற்குத்தான் உண்மையில் பயம். அப்படிச் சொன்னால் அங்கேயே போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாமா என்றும் கேட்பேன். தபால் பெட்டி கடையைத் தாண்டித்தான் இருக்கிறது. கேட்காமல் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட மாட்டேன், அதனால் இது உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால் உன் அம்மா வாய்விட்டுக் கேட்டுவிட்டாள் என்று தெரிந்துகொள்.

வேளைக்குச் சாப்பிடு, எக்ஸ்ரேயைத் தள்ளிப் போடாதே. நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன், யாரிடம் வேண்டிக்கொண்டு வாழ்த்துவது என்று தெரியாமலே வாழ்த்துகிறேன், அம்மா சொன்னால் பலிக்கும் என்று வைத்துக்கொள். வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் செய். நான் எடுக்காவிட்டால் பயந்துவிடாதே, சத்தத்தில் மணி அடித்தது காதில் விழுந்திருக்காது.

இப்படிக்கு,
உன் அம்மா