இருபது கேள்விகளுக்கு நான் போட்ட டிக்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். உன் தங்கைக்கும் காய்ச்சல் சளி எதுவும் இல்லை, ஆனாலும் அவளைப் பற்றிய ஒரு விஷயத்தைப் போனில் சொல்ல வாய் வராமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு இரண்டு வயது செக்கப். ஒன்றரை வயதில் குழந்தை டாக்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார், ஆம், இல்லை என்று டிக் போட இருபது கேள்விகள், அதை நான் பரீட்சை மாதிரி எழுதிவிட்டேன் கண்ணு. விரலால் சுட்டிக் காட்டுவாளா என்று கேட்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் பிஸ்கட் டப்பாமேல் என் கையை வைப்பாளே, அதுவும் காட்டுவதுதானே என்று ஆம் போட்டேன். கூப்பிட்டால் திரும்புவாளா, அதற்கும் ஆம். நாலு தடவை கத்தினால் ஒரு தடவை திரும்புவாள் என்று எழுத அதில் இடமில்லை. பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளின் விடைத்தாளில் அரை மார்க்குக்கே கை இறுகுகிறவள் நான், இவளுக்கு முழு மார்க் போட்டுவிட்டேன்.

இந்தத் தடவை டாக்டர் தாளைத் தரவில்லை, கடைசியா எப்போ காட்டினா, எதைக் காட்டினா என்று அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். என்னிடம் ஒரு உதாரணமும் இல்லை. அப்பா மழுப்பி, எங்க வீட்டு வாயில்லாப் பூச்சி நான்தான் டாக்டர், இவ என்னை உரிச்சு வச்சிருக்கா என்றார். பேசாட்டியும் நீங்க முகம் பார்த்துச் சிரிக்கிறீங்களே, இவ பார்க்கிறாளா என்று அவர் கேட்டார். அதற்குமேல் மறைக்காமல், பழைய தாளில் நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, நிறைய அம்மாக்கள் அப்படித்தான் போடுவாங்க, அதான் வாயால கேக்கறேன் என்றார். ஆட்டிசமாக இருக்கலாமாம், இந்தக் கேள்விகளை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாதாம். முதலில் காது கேட்கும் சோதனை, நிபுணரைப் பார்க்க மூன்று மாதம் ஆகும், பேச்சுப் பயிற்சியை மட்டும் அதுவரை தள்ள வேண்டாம் என்றார். வளர்ப்பால் வந்ததில்லை என்றும் சொன்னார். அதை நம்புகிறேன், ஆனால் ஆறு மாதம் என்னால்தானே போயிற்று.

லீவில் வந்தபோது, அம்மா இவ என்கூட விளையாடல, என் பக்கத்துல விளையாடறா என்று சொன்னாய். போய் உன் படிப்பைப் பார் என்று கடிந்துகொண்டேன். மன்னித்துக்கொள். வீட்டில் மற்றவர்கள் கவனித்ததும் நிபுணருக்கு வேண்டுமாம். நீ பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்பு, அம்மாவுக்கு வலிக்குமே என்று ஒரு வரியையும் விட்டுவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. நீ நினைத்ததெல்லாம் நடந்து நிறைவாக இருக்க வேண்டும். உன் கடிதம் இம்மாதம் முடிவதற்குள் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா