மூன்று பேர் ஏலம் கேட்ட ஓவர்லாக் மெஷின்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, பின்பக்கம் முனகிக்கொண்டே இருக்கும் பிரிட்ஜ், மூவரும் நலம். நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதெல்லாம் கேட்பேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு இடமாகப் பார்த்து உட்கார். இது நின்றுகொண்டு படிக்கிற கடிதம் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் சொன்னால் பாதியிலேயே டவர் இல்லம்மா என்று வைத்துவிடுவாய், உன் ஊரில் டவர் எப்போது போகும் எப்போது வரும் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். அதனால்தான் ஒரு மணி நேரமாக இந்தச் சின்ன கீபோர்டில் கட்டைவிரல் தேயத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசி வரி வரைக்கும் படி, புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை நடுவில் எங்கேயோதான் சொல்லியிருப்பேன்.

முதலில் நம் வீட்டுச் செய்தி. தராசுத் தம்பி என் கமெண்டுக்கு ஹார்ட் போட்டுவிட்டார். வாங்குகிற பொருளை எல்லாம் தராசில் வைத்து நிறுத்துக் காட்டுகிற அதே வீடியோக்காரத் தம்பிதான், நீ கூட ஒருமுறை இவருக்கு வேற வேலையே இல்லையாம்மா என்று கேட்டாயே, அவரேதான். அவர் பிஸ்கட் பாக்கெட் வீடியோ போட்டிருந்தார், விலை அதே, அட்டை அதே, உள்ளே மட்டும் இரண்டு பிஸ்கட் குறைவு. அதன் கீழே நான், விலையைப் பார்க்காதீர்கள், நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள், பெரிய பாக்கெட்தான் லாபம் என்றும் நம்பாதீர்கள், எங்கள் தெருக் கடையில் பெரிய சோப்புத்தூளைவிடச் சின்னது இரண்டு வாங்கினால் மலிவு என்று எழுதினேன். ஹார்ட். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உன் அப்பாவிடம் மூன்று தடவை காட்டினேன். மூன்றாவது தடவை மனிதர், இதுக்கு பிரேம் போட்டுடலாமா, பிரேம் எந்தக் கடையில மலிவுன்னு பாத்து வையேன் என்றார். நாள் முழுக்க லிப்ட் குழிக்குள் இறங்கி நிற்கிற ஆளுக்கு நக்கல் மட்டும் மொட்டைமாடி உயரத்துக்கு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். நீ முகத்தைக் காட்டுகிறாய், நான் பின்னால் இருப்பதைப் பார்க்கிறேன், பெற்றவள் கண் அப்படித்தான். ஜன்னலோரத்தில் ஜூஸ் பிழிகிற மெஷின், அதன் கைப்பிடியில் நான்கு கிளிப்பும் ஒரு ரப்பர் பேண்டும். நல்ல ஸ்டாண்டுதான் அம்மாடி, கொஞ்சம் விலை அதிகம், அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் அந்த வயிறு குறைக்கிற பெல்ட் இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, பெட்டிக்காவது வயிறு குறைந்ததா? ஸ்டாக்கில் இன்னும் இரண்டே இரண்டு என்று சிவப்பில் எழுதியிருந்தால் உன் கை தானாகவே அமுக்கிவிடுகிறது. மூன்று மாதமாக அந்த இரண்டு அங்கேயே இரண்டாகத்தான் இருக்கிறது, நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எதையும் கூடையில் போட்டுவிட்டுப் பத்து நாள் கிடக்கவிடு, பதினோராம் நாளும் ஞாபகம் இருந்தால் வாங்கு. ஐந்து நட்சத்திரக் கருத்தைப் படிக்காதே, அது கடைக்காரரின் மச்சான் எழுதியது. ஒரு நட்சத்திரம் கோபத்தில் எழுதியது. மூன்று நட்சத்திரம் போட்டவர்தான் பொருளை நிஜமாகவே வீட்டில் வைத்துப் புழங்குகிறவர். முதல் மாதம் இலவசம் என்று அட்டை எண்ணைக் கேட்டால், சேருகிற அன்றைக்கே விலகுவது எப்படி என்று தேடிப் பார்த்துவிட்டுச் சேர். போதும், மீதியைப் பிறகு சொல்கிறேன், நீ கண்ணை உருட்டுவது இங்கேயே கேட்கிறது.

இவ்வளவு பேசுகிற உன் அம்மா நேற்று என்ன செய்தாள் தெரியுமா? உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை அந்தப் பழைய பொருள் ஏல ஆப்பில் ஓவர்லாக் மெஷின் ஒன்று வந்தது. ஆரம்ப விலை இருநூறு ரிங்கிட். எனக்கு அது எத்தனை வருட ஆசை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தைக்கிற ஒவ்வொரு பேன்ட்டுக்கும் ஓரம் அடிக்க இரண்டு தெரு தள்ளி பொட்டிக் தையல்கடை வைத்திருக்கிற அக்காவிடம் ஓடுகிறேன், அவர் மெஷின் காலியாகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மருமகள் கதையை முழுசாகக் கேட்கிறேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. நானூறுக்கு மேல் போகக் கூடாது என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, ஊசிமுனை என்ற பெயரில் இருநூற்றேழு போட்டேன். நம் ஏழு தெரியுமே. மற்றவர்கள் முன்னூறு, முன்னூற்றைம்பது என்று முழுசாக நிற்பார்கள், நாம் ஏழு தள்ளி நின்றால் பொருள் நமக்கு. நீ பள்ளிக்கூட ஏலத்தில் கலர் பென்சில் பெட்டியை முப்பத்தேழுக்கு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாயே, அன்றிலிருந்து இது நம் வீட்டுச் சட்டம். போட்ட கொஞ்ச நேரத்தில் மேல்மாடி என்று ஒரு ஆள் இருநூற்று நாற்பத்தேழு. அன்றைக்கு ராத்திரியே நீலக்குடை என்று இன்னொரு ஆள் இருநூற்று அறுபத்தேழு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஏழு வித்தையைப் போன மாதம் தம்பியின் வீடியோவுக்குக் கீழே நானே எழுதி நாற்பது லைக் வாங்கியிருந்தேன், அதைப் படித்துவிட்டு என் மெஷினுக்கே வந்து நிற்கிறார்கள் களவாணிகள் என்று நினைத்தேன். அந்த நீலக்குடையை நான் மனசுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அதில் பாதி உன்னைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டியது, அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஏலம் முடிகிறது. மூன்றரைக்கு நான் சமையலறையில், அப்பா பால்கனியில். நான் அமுக்குகிறேன், பால்கனியில் டிங் என்கிறது. பால்கனியில் நாற்காலி கிரீச்சிடுகிறது, என் போன் டிங் என்கிறது. முன்னூற்று எண்பத்தேழு, நானூற்றேழு, உள்ளங்கையில் எழுதியதை வியர்வையே அழித்துவிட்டது. ஐந்நூற்று எழுபத்தேழு வந்தபோது பால்கனியிலிருந்து உன் அப்பா, எவளோ ஒரு கிறுக்கி விடமாட்டேங்கறாளே என்று முனகுவது காதில் விழுந்தது. கரண்டியோடு போய் நின்றேன். அந்த மேல்மாடி வேறு யாரும் இல்லை, இவர்தான், போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை நூறு தடவை வெளியே எடுத்தவர், தான் மாட்டிக்கொண்டதும் முழித்த முழி இருக்கிறதே. உனக்குத்தான்டி, சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பாத்தேன் என்றார். இருபத்தைந்து வருடத்தில் இந்த மனிதர் கொடுத்த முதல் சர்ப்ரைஸுக்கு நானே எதிர்விலை கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்து முடிப்பதற்குள் மணி நான்கு. நீலக்குடை அறுநூற்று ஐம்பத்தேழுக்கு எடுத்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அப்பா சும்மா புது மெஷின் விலை என்ன என்று தேடினார். அறுநூற்று இருபது, இரண்டு வருட வாரண்டியோடு. பழசை வாங்குமுன் புதுசின் விலையைப் பார் என்று ஊருக்கே சொல்கிறவள் நான், குட்டி. இதைத் தராசுத் தம்பிக்கு மட்டும் சொல்லிவிடாதே.

அப்புறம்தான் நீலக்குடை என்ற பெயர் மண்டையில் இறங்கியது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று நான் மூன்று நீலக்குடை வாங்கி வந்து, முதல் காற்றிலேயே மூன்றும் மேல்நோக்கி விரிந்துகொண்டு, நீ நடுரோட்டில் நின்று அழுதாயே. அந்தக் கைப்பிடியை எத்தனை வருடம் பையில் வைத்திருந்தாய். வேறு யார் அந்தப் பெயரை வைப்பார்கள், வேறு யார் எழுநூறுக்குப் பக்கத்தில் போயும் ஏழை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்? ஏலப் பட்டியலில் தேதியும் நேரமும் இருக்கிறது. நீ முதல் விலை போட்டது புதன் ராத்திரி. லேப்ல லீவு தரலம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம் என்று என்னிடம் சொன்னது வியாழன் காலை. எனக்குச் சந்தேகம் வந்தால் சும்மா இருப்பேனா, உன் அறைத் தோழிக்குப் போன் போட்டேன். பாவம் அந்தப் பெண், அவளுக்கு லீவு போன வாரமே கெடைச்சிடுச்சே ஆன்ட்டி, நீங்க வரச் சொல்லலையா என்று கேட்டாள். அவளைத் திட்டாதே. அவள் போனை வைத்ததும் உன் அப்பா திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு, ரெண்டு வருஷமாச்சு அவளப் பாத்து என்று மட்டும் சொல்லிவிட்டு பிரிட்ஜைத் திருப்பிப் போட்டுத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். அதற்கு இப்போது முனகல் இன்னும் ஜாஸ்தி.

இன்று காலையில் இரண்டு பேரும் மெஷினையே நேரில் பார்த்துவிட்டு வந்தோம். பார்க்க வரலாம் என்று விலாசம் போட்டிருந்தார்களே, நீ அத்தனை தூரத்திலிருந்து எப்படி வருவாய், அதனால் உனக்காக நாங்கள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் பெரிய ஷெட், பழைய நாற்காலிகள் கூரை வரைக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பெரியவர். நீ படத்தில் பார்த்தது மெஷினின் வலது பக்கம். இடது பக்கம் உடைந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறது. எப்போதும் காட்டாத பக்கத்தின் படத்தைக் கேள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கைப்பையில் எடுத்துப்போன துணியைக் கொடுத்துத் தைத்துப் பார்த்தேன், நான்கு தையலுக்கு ஒன்று விட்டுவிட்டு ஓடுகிறது. மோட்டார் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டுவிட்டு அப்பா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினார். அப்புறம் பெரியவரிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், ஒரே வீட்டு ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் வெல ஏத்தி விட்டத இன்னிக்குத்தாம்மா பாக்கறேன் என்றார். பணம் இன்னும் கட்டல, புதன்கிழம சாயங்காலத்துக்குள்ள உங்க பொண்ணு வேணாம்னு ஆப்ல அமுக்கிட்டா போதும், நான் திரும்பப் போட்டுக்கறேன், இந்தத் தடவ ரெண்டு பக்கமும் படம் எடுத்துப் போடறேன் என்றும் சொன்னார். நல்ல மனிதர். ஆக, வாக்குத் தவறுகிறோமே என்று நீ உருக வேண்டாம்.

இதுதான் நான் சொன்ன வேலை. அமுக்கு. ஊருக்கு வர வைத்திருந்த அந்தப் பணத்தில் டிக்கெட்டே எடு. நீ எனக்காகச் செய்தது எனக்குப் புரியாமல் இல்லை. நேற்று சிரித்ததில் பாதிக்கு மேல் அழுகைதான், அப்பா பார்க்காமல் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். ஆனால் கணக்குத் தெரிந்தவளாகச் சொல்கிறேன், மூன்று நட்சத்திரக் கருத்து என்று வைத்துக்கொள். உன்னை வர விடாமல் செய்து வந்து நிற்கிற மெஷினில் என்னால் ஒரு ஓரம் கூட அடிக்க முடியாது. அந்த அக்காவின் மருமகள் கதையும் இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறது, பாதியில் விட மனசில்லை. ஓவர்லாக் எனக்கு வேண்டும்தான், வேண்டாம் என்று பெரிய மனுஷி வேஷம் போட மாட்டேன். நீ வா. மூன்று பேரும் ஒன்றாகக் கடைக்குப் போவோம், துணி வைத்துத் தைத்துப் பார்ப்போம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புதுசாக எடுப்போம். விலை பேசும்போது ஒருமுறையாவது மூவரும் ஒரே பக்கம் நிற்போம்.

டிக்கெட் விலையையும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை கொஞ்சம் அதிகம், செவ்வாய்க்கிழமை குறைவு. செவ்வாய்க்கிழமையில் வந்தால் எனக்கு மூன்று நாள் நஷ்டம். அதனால் இந்த ஒரு பொருளுக்கு மட்டும் பத்து நாள் சட்டமும் கிடையாது, நூறு கிராமுக்கு எவ்வளவு என்ற கேள்வியும் கிடையாது. சனிக்கிழமையே எடு.

உடம்பைப் பார்த்துக்கொள். லேப்பில் கையுறையைக் கழற்றியதும் கையைக் கழுவு. அந்த ஜூஸ் மெஷினில் ஒரு நாளாவது ஜூஸ் போடு, அதுவும் ஒரு ஜீவன்தானே. நீ எடுக்கிற ஒவ்வொரு முடிவும் உனக்கு நல்லதாகவே முடியட்டும், போகிற இடமெல்லாம் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். புதன்கிழமை சாயங்காலம், மறந்துவிடாதே, அப்பா கடிகாரத்துக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அமுக்கி முடித்ததும் பதில் நீளமாக வேண்டாம், வருகிற தேதியை மட்டும் அனுப்பு. அது ஏழில் முடிய வேண்டும் என்று இல்லை.

உன்னிடம் ஏலத்தில் தோற்ற,
அம்மா
(ஊசிமுனை)

மேல்மாடியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.