நான் சொல்லாமல் விட்ட வரி

அன்புள்ள குட்டிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று நேற்று உன் அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் இரத்த அழுத்தம் நூற்று நாற்பதைத் தாண்டவில்லை, அதையும் அவன் உனக்குச் சொல்லியிருப்பான். ஆகவே நலம் விசாரிக்க எனக்கென்று மிச்சம் எதுவும் இல்லை.

இதை எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அண்ணன் என்னைச் சினிமாவுக்கு அழைத்துப் போனது உனக்குத் தெரியும். படத்தில் பத்து வருஷம் பேசாத ஒரு அண்ணனும் தங்கையும் செத்துப்போன அப்பாவின் வீட்டைக் காலி செய்ய வருகிறார்கள், ஆளுக்கொரு முனை பிடித்துப் பீரோவை இறக்கும்போது அது மாடிப்படியில் மாட்டிக்கொள்கிறது, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றபடி பேசத் தொடங்குகிறார்கள். அந்த இடத்தில் உன் அண்ணன் எழுந்து போனான். பாத்ரூமுக்கு என்று நினைத்து, அவன் பாப்கார்னையும் மடியில் வைத்துக்கொண்டு இடைவேளை வரை உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தால், சுவரைப் பார்த்து நின்று போனில் அழுகிறான். குட்டிதாம்பா என்றான். எட்டு வருஷம் கழித்து! சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான், ஆனால் முதலில் வந்தது பொறாமை.

இத்தனை வருஷமும் ஞாயிறு காலை நீ கூப்பிடுவாய், அண்ணன் எப்படியிருக்கார், நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க என்பாய். சாயங்காலம் அவன் வந்து, மகாராணி என்ன சொல்றாங்க என்பான். யாருக்கு என்ன சொல்வது என்று நோட்டில் குறித்து வைத்திருப்பேன். போன ஞாயிறு நீ நாலே நிமிஷத்தில் வைத்துவிட்டாய். பேத்திக்குப் பல் விழுந்ததைச் சொல்ல வாயெடுத்தால், அதான் அண்ணன் போட்டோவே அனுப்பிட்டாரேப்பா என்கிறாய். நீ அடுத்த மாதம் வருவதும், அண்ணன் வீட்டில்தான் தங்கப்போவதும் உன் அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி சொல்ல வேண்டியது. உன் அம்மா போன மறுவருஷம் ஒருநாள் நீ போனில், அம்மாவ அவர் சரியாப் பாத்துக்கலன்னு அண்ணன்கிட்ட நான் சண்ட போட்டது தப்புப்பா, மன்னிக்கச் சொல்லுங்க என்றாய். அதை நோட்டில் எழுதினேன். அன்று மாலை அவனிடம், குட்டி நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். மறதி என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் ஒரு வரியை மறப்பேனா? நீங்கள் சேர்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேட யார் என்று பயந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அவர் ஒண்ணும் சொல்லலியாப்பா என்று நீ கேட்டாய், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் நீ கேட்கவேயில்லை.

அவனோ, நான்தாம்பா எறங்கிப் போனேன் என்று இப்போது பெருமையடிக்கிறான். முதலில் இறங்கியவள் நீ என்று அவனிடம் சொல்ல இரண்டு முறை போனேன். குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். அதனால் இந்தக் கடிதத்தை நீயே அவனுக்குப் படித்துக் காட்டு, எதையும் விடாதே.

இங்கே விடியற்காலையில் குளிர்கிறது, ஸ்வெட்டரைப் பெட்டியில் அடியில் வைக்காமல் மேலாக வை. எல்லோரும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருங்கள். அண்ணன் வீட்டிலேயே தங்கு, எனக்கு வருத்தமில்லை என்று எழுதமாட்டேன், ஆனாலும் தங்கு. என்னைத் திட்டத் தோன்றினால் மட்டும் தனித்தனியாக வேண்டாம், இரண்டு பேரும் சேர்ந்து வந்து திட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும்
அப்பா