பிடரியில் ஒரு கை

ஒக்டோபர் 7, செவ்வாய்

வானம் மூடிக் கிடக்கிறது, மழைதான் வரக் காணோம். விதைக்கக் காத்திருப்பவர்கள் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு திரிகிறார்கள். வெள்ளெனவே பரந்தனில் எங்கட வேலை அறைக்கு வந்துவிட்டேன். கீழே உரக்கடையில் லொறி நிற்கிறது, படி முழுக்க உர மணம். மின்விசிறி மறுபடி கிறீச்சிடத் தொடங்கிவிட்டது.

இன்றைக்கு: மார்ட்டினுக்குப் பதில். விளையாட்டில் கூடத்து நிழல் திருத்தம். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய். முன்கதைக்கு ஒரு கதை.

அந்தக் கடைசி வேலையில்தான் மண்டை காய்கிறது. மார்ட்டின் வெளிநாட்டு வெளியீட்டாளர். நாங்கள் மூன்று பேர் இந்த அறையில் இருந்து செய்த ‘பூட்டாத வீடு’ பேய் விளையாட்டை எங்கேயோ இருந்து விளையாடிப் பார்த்துவிட்டுத் தேடிப் பிடித்தார். அந்த வீட்டில் அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதை இன்னொரு விளையாட்டாகச் செய்யச் சொல்கிறார். அதுதான் முன்கதை, இனி மு.க. மாத முடிவுக்குள் ஒரு மாதிரிப் பகுதி கொடுக்க வேண்டும். பிடித்தால் மூன்று பேருக்கும் இரண்டு வருட வேலை. பிடிக்காவிட்டால் ஒலி செய்கிற கோபி கொழும்புக்கு விளம்பரக் கொம்பனிக்கு, படம் வரைகிற ரிஸானா முல்லைத்தீவில் ரியூசன் வகுப்புக்கு, நிரல் எழுதுகிற நான் மறுபடி தரவு பதியும் வேலைக்கு. அறையைப் பூட்டித் திறப்பை உரக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

மார்ட்டினுக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த வீட்டில் உலவும் பெண் யார், ஏன் எல்லாரையும் பின்னால் வந்து பிடரியில் கை வைத்துக் கொல்கிறாள்?

எங்களுக்கே தெரியாது. அப்போது முகம் வரைய ரிஸானாவுக்கு நேரம் இருக்கவில்லை, கையை மட்டும் வரைந்தாள். கை பிடரியில் படும், திரை இருளும், ஆட்டம் முடியும். தோளில் வைக்காமல் ஏன் பிடரியில் வைத்தோம் என்று இன்று மூன்று பேரும் யோசித்தோம். நான்தான் அப்படிச் சொன்னேனாம். சொல்லியிருப்பேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

மழை இல்லை. மத்தியானம் சோறும் மரவள்ளிக் கறியும்.

மார்ட்டின் தானே சில யோசனை அனுப்பியிருக்கிறார். ஊர்ச் சாபம். கல்யாணத்தன்று கொலையான மணப்பெண். கிணற்றுக்குள் பிணம். நான் வாசிக்க வாசிக்க ரிஸானா வரைவதை நிறுத்தவில்லை.

“எல்லா ஊர்க் கிணத்துக்குள்ளயும் ஒரு பொம்புள கிடக்கிறா. எங்கட கிணத்தயாவது சும்மா விடச் சொல்லு” என்றாள்.

கோபிக்கும் கோபம். நாங்கள் அந்தப் பெண்ணை ‘அவா’ என்றுதான் எப்போதும் சொல்வது. “பேயெண்டாலும் அவா வீட்டுக்காரி. வந்து துளாவிறது நாங்கள். மரியாதை குடுக்க வேணும்” என்பான்.

சாபம் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பதிலுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

பின்னேரம் தூறல். மண் நனையவில்லை.

மு.க.வுக்கு ஒரு வழி பிடித்திருக்கிறோம். அதே வீடு, பல வருடம் முன்பு, ஆட்கள் குடியிருக்கும்போதே. விளையாடுகிறவர் அந்த வீட்டுச் சின்னப் பெண். வெளிக்கிட்டுப் போவதற்கு முன் அறை அறையாகப் போய்ச் சாமான் எடுக்கவேண்டும். லாம்பு, அரிசிப் பை, போர்வை. தூரத்தில் சத்தம் கேட்கும். கேட்டவுடன், முதல் விளையாட்டில் குனிகிற அதே விசையை அழுத்தி விழுந்து படுக்கவேண்டும். படுக்காவிட்டால் முடிந்தது. சீருடை இல்லை, கொடி இல்லை, யார் எவர் என்ற கதை இல்லை. இதில் நான் பிடிவாதம்.

கோபி மாங்குளத்தில் தன் மாமாவின் நெல்லுக் களஞ்சியத்தில் மூட்டையைப் போட்டுப் போட்டு அந்தச் சத்தத்தைப் பதிந்துகொண்டு வந்தான். பெரிய சத்தம் இல்லை. எங்கேயோ தூரத்தில் ‘தும்’. ஷெல் வந்து விழுவது அதற்குப் பிறகுதான். சாப்பிடும்போது போட்டுக் காட்டினான். எனக்குக் கை அப்படியே சோற்றுக் கோப்பையில் நின்றது. போட்டுக் காட்டிய கோபியும் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். ரிஸானா மட்டும் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“சரியா இருக்குதோ?” என்றான்.

“கூடச் சரி. அணை” என்றேன்.

ஒக்டோபர் 18, சனி

மார்ட்டினின் ஆட்கள் விளையாடிப் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் முதல் அறையைத் தாண்டவில்லை. ஏதோ பழுது, காரணம் இல்லாமல் சாகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பழுதாவது மண்ணாவது. சத்தம் கேட்டால் படுக்கவேண்டியதுதானே, காதில்லையா இவர்களுக்கு. பிறகு அவர்கள் விளையாடிய வீடியோவை நானும் கோபியும் பார்த்தோம். ஒரு தாடிக்காரப் பையன். ‘தும்’ கேட்கிறது. அலுமாரியைத் திறந்து போர்வையை எடுக்கிறான். ஆறுதலாக மடிக்கிறான். பிறகு என்ன சத்தம் என்று பார்க்கப் போகிறான்.

“யன்னலுக்கு முன்னால போய் நிக்கிறான் அனி. யன்னலுக்கு முன்னால” என்று கோபி என்னிடம் சொல்லித் தலையில் கை வைத்தான். சிரித்தோம்.

திரையில் ‘படு’ என்று எழுத்துப் போடச் சொல்கிறார் மார்ட்டின். அந்த வீட்டுக் கூடத்தில் யார் எழுத்துப் போட்டது? முடியாது என்றேன். கோபி போடு என்கிறான். அவனுக்குக் கொழும்புக்குப் போக விருப்பமில்லை, அதனால் எதற்கும் ஓம் என்கிறான். நல்ல வாக்குவாதம்.

வவுனியாக் கணினி வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டு விளையாட வைப்போம் என்றேன். எங்கட பிள்ளைகளுக்கு எழுத்துத் தேவைப்படாது, அந்த வீடியோவை மார்ட்டினுக்கு அனுப்பலாம்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் வடையும். இரவு முழுக்க நல்ல மழை. இரணைமடுவுக்குத் தண்ணீர் வரும் என்று அம்மாவுக்குச் சந்தோசம், ஏதோ குளம் எங்களுடையது மாதிரி. எண்ணெய் இன்னும் வாங்கவில்லை.

வேலை ஓடவில்லை. பட்டாசுச் சத்தத்துக்கு அம்மா சீரியலின் ஒலியைக் கூட்டி வைத்தா. அவ்வளவுதான்.

ஒக்டோபர் 23, வியாழன்

வவுனியா. நானும் ரிஸானாவும் பஸ்ஸில், வழி முழுக்க மழை.

வகுப்பில் எல்லாரும் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள், பதினாறு வயது. ‘பூட்டாத வீடு’ ஏற்கெனவே விளையாடினவர்கள். எங்களைப் பார்க்க இடிபட்டார்கள். யாழினி என்று ஒரு வாய்க்காரி, அவள்தான் முதலில் உட்கார்ந்தாள். லாம்பை எடுத்தாள். ‘தும்’. நான் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நேரே முன்கதவுக்குப் போய்த் திறந்தாள். முடிந்தது.

“ஏன் கதவைத் திறந்தனீங்கள்?” என்றேன்.

“ஆரோ தட்டின மாதிரிக் கேட்டுது அக்கா.”

அடுத்தவள். அடுத்தவள். எல்லாரும் செத்தார்கள். ஒரு பிள்ளை கூடப் படுக்கவில்லை. ஒருத்திக்கு அது இடி முழக்கம். ஒருத்தி சத்தத்தைக் கவனிக்கவே இல்லை.

திரும்பி வரும்போது முதலில் விளையாட்டை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். எல்லாம் போச்சு, எழுத்துத்தான் போடவேண்டும் என்று. மாங்குளம் தாண்டும்போதுதான் உறைத்தது. இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமலே இவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டார்கள். கதவு தட்டினால் திறக்கப் போகிறார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பஸ்ஸுக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு ஒரு எரிச்சலும் வந்தது. எனக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?

ரிஸானா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “எனக்கும் தெரியாது அனி. அண்டைக்குச் சத்தம் கேட்டதும் நீங்க ரெண்டு பேரும் சாப்பாட்ட நிப்பாட்டினீங்க. ஏனெண்டு கேக்க வெக்கமா இருந்திச்சு.”

அவள் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில், முல்லைத்தீவுக்கு வந்தது சண்டை முடிந்த பிறகு. முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொன்னபோது அவளுடைய உம்மா முல்லைத்தீவை விட்டு ஒரு பையோடு போனது அவள் பிறக்க முன்பு. இவ்வளவு நாளும் நான் சொன்னேன் என்பதற்காகத்தான் அந்த விசையை அழுத்தியிருக்கிறாள்.

“உனக்கு ஆர் சொல்லித் தந்த?” என்று கேட்டாள். ஞாபகம் இல்லை.

ஒக்டோபர் 25, சனி

வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது.

அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கேட்டுவிட்டேன்.

“அம்மா, சத்தம் கேட்டா விழுந்து படுக்க வேணுமெண்டு எனக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“இப்ப ஏன் உது?”

“விளையாட்டுக்கு.”

“விளையாட்டுக்கோ” என்று செதிலைத் தட்டினா. “ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. சொல்ல எங்க நேரம்? பிடரியில பிடிச்சு அமத்திறதுதான். நீ தலையைத் தூக்கித் தூக்கிப் பாக்கிற பிள்ளை. மூஞ்சை மண்ணுக்குள்ள போகுமட்டும் அமத்துவன். கத்துவாய்.”

“பிறகு?”

“பிறகென்ன, பழகிட்டாய். நான் கை வைக்க முதலே நீ கிடப்பாய். அந்தத் தேங்காய்ப் பாதியை எடு பிள்ளை.”

எடுத்துக் கொடுத்தேன். வெளியே வந்து கிணற்றடியில் நின்று என் பிடரியை நானே தொட்டுப் பார்த்தேன். பிடரியில் கை, திரை இருட்டு. அதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போதுதான் விளங்குகிறது. அவா ஒருவரையும் கொல்லவில்லை. வீட்டுக்குள் வருகிற எல்லாரையும் பின்னால் வந்து அமத்திப் படுக்கவைக்கப் பார்க்கிறா. இருட்டுவது முகம் மண்ணுக்குள் போவதால். அம்மாவின் கையை வைத்து நான் ஊர் உலகத்தையெல்லாம் பயப்படுத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மீன்குழம்பு நல்லாயிருந்தது.

ஒக்டோபர் 26, ஞாயிறு

தேவாலயத்துப் பூசைக்குப் போகவில்லை, அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனா. ஞாயிறென்றும் பாராமல் இருவரையும் அறைக்கு வரச் சொன்னேன்.

சொன்னேன். கோபி இறங்கிப் போய் மூன்று தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தான். எங்களிடம் கொடுத்துக்கொண்டே, “என்ர அம்மா சட்டையில பிடிச்சு இழுப்பா. கழுத்துப் பட்டி கிழிஞ்சுபோகும்” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ரிஸானா பழைய கோப்பைத் திறந்து தான் வரைந்த கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீள நகம், நீல நரம்பு. “நகத்த வெட்டணும்” என்றாள். வெட்டத் தொடங்கினாள்.

மு.க. இப்படி. முதல் ‘தும்’: அம்மாவின் கை பிள்ளையின் பிடரியில் விழும், திரை இருளும், ஆனால் ஆட்டம் முடியாது. மண், மூச்சு, மேலே போகிற இரைச்சல். எழும்பலாம். இரண்டாவது முறையும் கை. மூன்றாவது முறை கை வராது. எழுத்தும் வராது.

மார்ட்டினுக்கு விளக்கி எழுதினேன். பதில்: அப்படியென்றால் முதல் விளையாட்டில் எல்லாரும் சும்மாவா பயந்தார்கள்? ஓம் என்று எழுதினேன். ஒன்றும் தெரியாத ஒருவர் எழுத்து இல்லாமல் இதைத் தாண்டினால் சம்மதம், அந்த வீடியோவை அனுப்பு, இல்லாவிட்டால் இதோடு விடுவோம் என்றிருக்கிறார். நியாயம்தான்.

ஒக்டோபர் 29, புதன்

மழை, மின்வெட்டு, மறுபடி மழை. வீட்டில் இருந்து வேலை.

கை உடம்பில்லாமல் தனியாகக் கூடத்தில் பறக்கிறது. திருத்தினால் குசினிக்குள் போய்ப் பறக்கிறது. கோபியிடம் போனில் சொன்னேன், “அவாக்கும் கொஞ்சம் காத்து வேணும், விடு” என்கிறான். பிறகு சரிவந்தது.

அம்மா பின்னால் நின்று பார்த்தது தெரியாது.

“ஆற்ற கை உது?”

“ஒரு அம்மான்ர.”

“மெலிஞ்சு கிடக்கு” என்றுவிட்டுப் போனா. ரிஸானாவிடம் சொல்லிக் கொஞ்சம் தடிப்பாக்கினோம்.

ஒக்டோபர் 31, வெள்ளி

வெளிச்சமான காலை. வவுனியா, இந்த முறை மூன்று பேரும். பஸ்ஸில் கோபி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். கொழும்புக் கொம்பனிக்கு நாளைக்குள் முடிவு சொல்லவேண்டுமாம்.

வீடியோ ஓடுகிறது, யாழினியே முதலில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, போன முறை ஏன் செத்தாள் என்பதைக்கூட. லாம்பு எடுத்தாள். ‘தும்’. கை. “ஐயோ அவா வந்திட்டா” என்று உட்கார்ந்திருந்த கதிரையோடு பின்னுக்குப் போனாள், மற்றப் பிள்ளைகளும் கத்தினார்கள். மண், மூச்சு, இரைச்சல். திரை வெளித்தது. அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். “சாகேல்ல” என்றாள்.

அரிசிப் பை. ‘தும்’. கை. இந்த முறை கத்தவில்லை. வகுப்பில் ஒருவரும் கத்தவில்லை.

போர்வை. அலுமாரிக் கதவு. ‘தும்’. நான் என் விரலைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். யாழினியின் பெருவிரல் தானாகப் போய் அழுத்தியது. படுத்துவிட்டாள். இரைச்சல் மேலால் போனது. கோபி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான், பிறகு முகத்தை மூடிக்கொண்டான். வேலை எங்களுக்குத்தான்.

யாழினி எழும்பவில்லை. பொறுத்திருந்தாள். “எழும்பலாமோ அக்கா?”

“ஓம்.”

எழும்பினாள். கூடம். அறை. குசினி, அடுப்பில் தண்ணீர்க் கேத்தில் அப்படியே இருக்கிறது. பின்கதவால் போய்க் கிணற்றடி. திரும்பி வந்து கூடத்தில் நின்றாள். விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா எங்க அக்கா?”

ரிஸானா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். தேடிப் பாருங்கோ என்றேன். அவள் மறுபடி முதல் அறையிலிருந்து தொடங்கினாள்.