அந்தத் தோணியை உன் கையில் தந்தது யார்?

என் அன்புத் தங்கச்சி ஜசிந்தாவுக்கு,

நான் ஒருத்தியின் வீடு தேடிப் போய் அவளைக் கைம்பெண்ணாக்கிவிட்டு வந்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்: "தன்னப்போல எல்லாரும் வெள்ளச் சீலையோட இரிக்கணும் எண்டு நினைக்கா மனிசி." அது சரியல்ல. அவளுடைய கணவர் இறந்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை நான் சொல்வதில்லை. "அந்த ரிப்பன்களை அவர் அனுப்பவில்லை" என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் நத்தார்க் கடை நடக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள். அதிபரும், "இந்த வருசம் விடுவம் மிஸ், நிலமையும் சரியில்ல" என்றார். விடவில்லை. தவணை முடியும் வாரம் உன் வகுப்பறையிலேயே மேசைகளைப் போட்டேன். இத்தனை வருடமும் பட்டினத்தில் சாமான் வாங்கியது நான், விற்றது நீ. இம்முறை இரண்டும் நான்.

உனக்குத் தெரிந்ததை இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இது பிள்ளைகள் வாங்குவதற்கான கடை. சீப்பு, முகம் துடைக்கும் லேஞ்சி, சவர்க்காரம், காப்பு, ரிப்பன். மிட்டாய் வாங்குகிற சில்லறைக்குள் எல்லாம் அடங்கும். ஒரே ஒரு சட்டம்தான்: தனக்கென்று எவரும் வாங்கக்கூடாது, வீட்டிலுள்ள இன்னொருவருக்குத்தான் வாங்கவேண்டும். வேதக்காரப் பிள்ளைகள் யேசு பிறந்த நத்தாருக்குக் கொடுப்பார்கள், சைவப் பிள்ளைகள் பொங்கல்வரை ஒளித்து வைப்பார்கள்.

முதல் நாள் நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். "மிஸ், அப்பப்பாட தலையில மயிரே இல்ல. இதக் குடுத்தா அடிப்பாரா?" வாங்கு, அவர் உன் தலையைச் சீவிவிடட்டும் என்றேன். நீ சுற்றினால் பொதி பிரியும், நான் சுற்றினால் பிரியாது என்பதையும் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் கௌசி வந்தாள். இந்தக் கடிதத்தில் தாய்க்கும் மகளுக்கும் வேறு பெயர் போட்டிருக்கிறேன், யாரென்று உனக்கு விளங்கும். ஐந்தாம் வகுப்பு. அவளுடைய தகப்பன் வாவியில் மீன் பிடிக்கிறவர். மூன்று மாரிக்கு முன்னால் விடியற்காலையில் தோணியில் போனார், திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

நீலக்கரை போட்ட லேஞ்சி ஒன்றை எடுத்தாள். சுற்றிக் கொடுத்தேன். அவள் அதைப் பையில் போடாமல் என் பக்கமாகவே தள்ளினாள்.

"இத நீங்கதான் அனுப்பணும் மிஸ்."

"யாருக்கு?"

"அப்பாக்கு. ஜசிந்தா மிஸ்தான் ஒவ்வொரு வருசமும் வாங்கி அனுப்புறவ. மறுகா பள்ளிக்கூடம் தொடங்கக்குள்ள அப்பாட்ட இரிந்து எனக்கும் ஒண்டு வரும்." பின்னலை முன்னால் இழுத்துக் காட்டினாள். சிவப்பு ரிப்பன், ஓரத்தில் பொன்னிற இழை.

பின்னால் நின்ற பெண் பிள்ளையொருத்தி மற்றவளிடம், "இவட அப்பா நம்மட கடையிலதான்டி ரிப்பன் வாங்குற போல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கௌசி திரும்பிப் பார்க்கவில்லை. "இந்த முற ரிப்பன் வேணாம் எண்டு சொல்லுங்க மிஸ். ஒரு கடிதம் எழுதட்டாம். ரெண்டு வரி போதும். அவர்ர கையெழுத்து அம்மாக்குத் தெரியும்."

ஜசிந்தா, அந்த ரிப்பனை நான் வாங்கினேன். பட்டினத்து மொத்தக் கடையில் உருளையாக வாங்கி, என் கையால் முழம் போட்டு வெட்டினேன். அந்தப் பிள்ளை சிரித்துச் சொன்னது பகிடி அல்ல என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த பிள்ளை மிச்சக் காசு கேட்டு இரண்டு தரம் கூப்பிட்டதாம். எனக்குக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த நாளிலிருந்து நீயும் நானும் ஒரே அறையில் படுத்தோம். ஒரே மெழுகுதிரியில் செபமாலை சொன்னோம். கன்னியர் மடத்தில் ஒரே மதரிடம் படித்தோம், பொய்யில் சின்னப் பொய் என்று ஒன்று கிடையாது என்று. நீ பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இதை எப்படி என்னிடம் மறைத்தாய்? எந்த நேரத்தில் அந்தப் பொதியைச் சுற்றினாய்? நான் எங்கே இருந்தேன்?

தாய்க்கு எல்லாம் தெரிந்திருக்கும், நீங்கள் இருவருமாகப் பிள்ளைக்காகச் செய்திருப்பீர்கள் என்றே நினைத்தேன். கடிதம் கேட்கும் வயது வந்துவிட்டது, இனி உண்மையைச் சொல்வதா என்பதைத் தாய்தான் முடிவு செய்யவேண்டும் என்று சொல்லத்தான் போனேன். தவமணியின் வீடு வாவிக்கரையின் கடைசி வீடு என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வளவில் ஷெல் விழுந்து தென்னையின் தலை போய்விட்டது, அது உனக்குத் தெரியாது. சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேர் வீடுகளை விட்டுப் போய்விட்டார்கள்.

"அண்ணன் களுவாஞ்சிக்குடிக்கு வா வா எண்டு நிக்கான்" என்றாள். "ஜசிந்தா மிஸ் இல்லாட்டி நான் எப்பயோ போயிரிப்பன். அவர் வருசா வருசம் அனுப்பிக்கொண்டு இரிக்கக்குள்ள நான் எப்பிடி மிஸ் போற? வந்து கூப்பிட்டா ஆர் கதவு திறக்கிற?"

சிரித்துக்கொண்டு சொன்னாள். நெற்றியில் பொட்டு. பிள்ளை மட்டுமல்ல, தாயும் நம்பியிருக்கிறாள். உன் ரிப்பனை நம்பி ஷெல் விழுகிற இடத்தில் பிள்ளையோடு குந்தியிருக்கிறாள். இதற்குமேல் நான் வாயை மூடியிருக்கலாமா? நீயே சொல்லு.

சொன்னேன். "தவமணி, ரிப்பனை அவர் அனுப்பல்ல. அது எங்கட கடை ரிப்பன். என்ட தங்கச்சி வச்சது."

வேலிக்கு அப்பால் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றவள் இவ்வளவை மட்டும்தான் கேட்டாள். வாளியை விட்டுவிட்டு ஓடினாள். ஊருக்குப் போனது அந்தப் பாதிக் கதை. மற்றப் பாதி இது.

தவமணி அழவில்லை. உள்ளே போய் இரண்டு சாமான்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கையளவு மரத்தோணிகள் இரண்டு.

"இது கௌசி வயித்தில இரிக்கக்குள்ள அவர் வெட்டின. மற்றது, அவர் காணாமப் போய் முதல் நத்தாருக்கு ஜசிந்தா மிஸ் தந்த. ரிப்பனெல்லாம் மறுகாதான் வந்த. நீங்க சொல்லுங்க மிஸ், இதும் உங்கட கடைச் சாமானா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே கையின் வேலை. அப்படி ஒன்றை நான் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை. பென்சில் சீவத் தெரியாத நீ அதைச் செதுக்கியிருக்கவும் முடியாது.

"மழைக்குள்ள வந்தவ" என்றாள். "உள்ள வாங்க எண்டன், வரல்ல. கை நடுங்கின. ஆர் தந்த எண்டு மட்டும் கேளாத தவமணி, அந்த ஆள்ர உயிருக்குக் கூடாது எண்டவ. பனிச்சங்கேணிப் பக்கம் எண்டு வாய்க்குள்ள ஒரு சொல்லு வந்த. அவ்வளவுதான்."

நாற்பது வருடம் வகுப்பில் நின்றவள் நான். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லப் பழகியவள். அன்று இரண்டு தோணிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரிப்பன் பொய் எண்டா தோணியும் பொய்யா? தை பிறக்க அண்ணன் உழவு மெசினோட வாறான். ஏறவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க. நீங்கதானே வந்து கிளப்பின."

வந்து கிளப்பினது நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் ஜசிந்தா, அந்தத் தோணி எங்கிருந்து வந்தது? போவதற்கு முன்பே அவர் வெட்டி யாரிடமாவது கொடுத்து வைத்திருந்ததா, போன பிறகு எங்கோ இருந்து வெட்டியதா? மெய்யான ஒன்று வந்து, அடுத்த வருடம் ஒன்றும் வராமல் போகவா, பிள்ளையின் முகம் பார்க்க முடியாமல் நீ ரிப்பனில் இறங்கினாய்? அந்த ரிப்பனை நான் இன்னும் சரி என்று சொல்லமாட்டேன். உன் கை நடுங்கியபோது பக்கத்தில் இல்லாமல் போனேனே என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது.

நேற்றுக் கௌசி வந்தாள். "அனுப்பிட்டீங்களா மிஸ்?"

"இல்லை. எங்கே அனுப்புவதென்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கிறேன்."

"ஆரிட்ட?"

"ஜசிந்தாவிடம்."

"அவக்குத் தெரியும்" என்றுவிட்டுப் போனாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த மனிதரின் பெயரில் நான் கடிதம் எழுதமாட்டேன், இன்னொரு ரிப்பனும் போகாது. அந்த லேஞ்சி, உரியவர் வாங்கும்வரை அல்லது கௌசி தானாகத் திருப்பிக் கேட்கும்வரை, என் அலுமாரியில் இருக்கும். எனக்குக் கண் தெரிகிறவரை ஒவ்வொரு மார்கழியும் உன் கடை திறக்கும்.

நீ எழுதமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆகவேதான் இதை அச்சில் போடக் கொடுக்கிறேன். அந்தத் தோணியை என் தங்கச்சியின் கையில் தந்தவர் இதை வாசிக்கக்கூடும். அவரிடம் கேட்கிறேன்: ஐயா, அல்லது அம்மா, அதைச் செய்தவரை நீங்கள் உயிரோடு கண்டீர்களா? எப்போது கண்டீர்கள்? உங்கள் பெயரும் ஊரும் வேண்டாம். இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால் என்னிடம் வந்து சேரும். ஓரிரு வரி போதும். தை பிறக்கும் முன் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஜசிந்தாவின் அக்கா
பிலோமினா